டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்: இரத்தப் பரிசோதனை ஏன் என்று கேட்கும் குழந்தைக்குச் சொல்லத்தக்க வாழ்க்கை

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு அடிக்கடி இரத்தம் எடுக்கப்படுகிறது. ஏன் என்று குழந்தை கேட்கும்போது, பெற்றோர் கூறத்தக்க விடை இவ்வறிஞரின் வாழ்வில் உள்ளது.

வாழ்வும் கல்வியும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையில் உடன்பிறந்தோரை ஸ்புரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று எல்.எம்.எஸ். சான்றிதழ் பெற்றபின் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, இரத்தத்தில் பாஸ்பரசை அளவிடும் முறையை 1925-இல் வெளியிட்டார். 1940-இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ஃபோலிக் அமிலமும் அதன் எதிர்மருந்தும்

அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அது குறைந்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெரிதாகும்; ஸ்புரூ நோயிலும் இந்நிலை ஏற்படுவதுண்டு. சுப்பாராவின் குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். பின்னர் அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினை உருவாக்கினர்.

பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் அம்மருந்தை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். அவர்களுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் அறிவித்தார். இரத்தத்திலும் எலும்பு மச்சையிலும் உள்ள அணுக்களை ஆய்ந்தே இம்மாற்றம் அறியப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், 53-ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார். அதே மருந்து வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளுக்கு அளிக்கப்படுகிறது.

புதுச்சேரியும் யானைக்கால் நோயும்

யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசின் மாத்திரையும் இவரது குழுவினரின் ஆய்விலிருந்து வந்ததே. புதுச்சேரி மக்கள் இந்நோயை நன்கறிவர். நுண்புழுக்கள் இரவில் இரத்தத்தில் மிகுவதால், இரவிலேயே இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் அவற்றை எண்ணுவது வழக்கம்.

குழந்தைக்கு எவ்வாறு விளக்குவது?

- எடுக்கப்படும் இரத்தம் சிறிதளவே. உடல் அதனை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும் எனக் கூறுங்கள்.
- ஆய்வக ஊழியர் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிச் சாயமேற்றுவார். சிவப்பணு இளஞ்சிவப்பு வட்டமாகவும், வெள்ளையணுவின் உட்கரு ஊதா நிறமாகவும் தெரியும்.
- எண்ணிக்கையைக் கருவி தரும். ஐயத்திற்குரிய அணுவின் தோற்றத்தைப் பயிற்சி பெற்ற கண்களே உறுதிசெய்யும்.
- ஊசி வலிக்காது என்று கூற வேண்டாம். சிறிது வலித்து உடனே குறையும் என்று உண்மையைக் கூறுங்கள்.

கவனத்திற்கு

மெத்தோட்ரெக்சேட் உட்கொள்ளும் குழந்தைக்கு, ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரையின்றிக் கொடுக்கலாகாது. அது மருந்தின் பயனைக் குறைக்கக்கூடும். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனையைத் தவறாது செய்துகொள்ளுங்கள். அடுத்த வேளை மருந்தின் அளவு அவ்வெண்ணிக்கையைப் பொறுத்தே முடிவு செய்யப்படுகிறது.