தமிழுக்கு டைப் எந்திரம் தந்த முத்தையா

சேலம், நாமக்கல், ராசிபுரம் ஊர்களில் டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் இருந்த தெரு வழியாகப் போனவர்களுக்கு அந்த "டக் டக்" ஓசை நன்றாகத் தெரியும். அந்த எந்திரத்தின் பொத்தான்களில் தமிழ் எழுத்துக்களை ஏற்றி வைத்தவர், ஆர். முத்தையா.

யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். 1907-ல் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனார். பிறகு சிங்கப்பூரில் முதலில் ரெயில்வேயில் வேலை. அடுத்து ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. 1930 வரை அங்கேயே இருந்தார்.

கம்பெனியில் கடிதம் எல்லாம் எந்திரத்தில்தான் அடித்தார்கள். ஆனால் எல்லாம் இங்கிலீஷ்! தமிழில் எழுத வேண்டுமானால் பேனாவை எடுக்க வேண்டியதுதான். இது முத்தையாவின் மனதை உறுத்தியது.

247 எழுத்து

இங்கிலீஷுக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. எந்திரத்தில் இருப்பதோ சுமார் 46 பொத்தான்கள். ஒரு பொத்தானில் இரண்டு உரு வைத்தாலும் 92-க்கு மேல் போகாது. என்ன செய்வது?

எழுத்துக்களைப் பிரித்துப் பார்த்தார். கா, கெ, கே, கை எல்லாம் "க"வோடு ஒரு துணை உரு சேர்ந்தவைதானே? கால், கொம்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் வைத்தால் பாதிச் சுமை குறைந்தது. ஆனால் கு, சு, து, மு வரிசை லேசில் பிடி கொடுக்கவில்லை. அவை ஆளுக்கு ஒரு வடிவம்! போதாததற்கு ணா, றா, னா போன்றவற்றுக்கு அந்தக் காலத்தில் தனிச் சுழி உண்டு. (1978-ல்தான் தமிழ்நாட்டு அரசு அவற்றை மாற்றியது.)

நகராத பொத்தான்

புள்ளிக்கு அவர் கண்ட வழிதான் அழகு. ஒரு பொத்தானைத் தட்டினால் காகிதம் ஓர் எழுத்து அளவு நகரும். புள்ளிப் பொத்தானைத் தட்டினால் மட்டும் நகராது. அடுத்து "க"வைத் தட்டினால், அது புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். "க்" கிடைத்துவிடும்! கையால் எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு. எந்திரத்தில் தலைகீழ். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் இது.

அவருடைய அமைப்பின்படி ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்ட் நௌமன் கம்பெனி எந்திரம் செய்து கொடுத்தது. முதலில் பெரிய எந்திரம். பிறகு கையில் எடுத்துப் போகக்கூடிய சிறிய "பிஜோ".

முத்தையா 1960-ல் காலமானார். டைப் எந்திரங்கள் பெரும்பாலும் மூலைக்குப் போய்விட்டன. ஆனால் கம்ப்யூட்டரில் "பாமினி" எழுத்து அடிப்பவர்களின் விரல்கள் இன்றும் அந்தப் பழைய டைப் எந்திர வரிசையை ஒட்டியே ஓடுகின்றன.