50 டாலருக்கு ஒரு நகரம் வாங்கியவர்

காட்டில் மறைந்த மாயா நகரங்களை உலகுக்குக் காட்டிய ஸ்டீபன்ஸ்

ஒரு நகரம் என்ன விலை பெறும்?

1839-ம் ஆண்டு, மத்திய அமெரிக்காவின் அடர்ந்த காட்டில் ஒருவர் ஒரு நகரத்தையே விலைக்கு வாங்கினார். மலை போன்ற மேடைகள், ராஜாக்களின் சிலைகள், எழுத்துகள் செதுக்கிய கற்கள் எல்லாம் அதில் அடக்கம். அவர் கொடுத்த விலை 50 டாலர்!

வாங்கியவரின் பெயர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ். அமெரிக்காவைச் சேர்ந்த வக்கீல்.

இப்போது உல்லாசக் கப்பலில் ஏறி, மெக்சிகோ நாட்டுக் கரைக்குப் போகிறவர்கள் ஏராளம். துறைமுகத்தில் கப்பல் பெரும்பாலும் ஒரு பகல் பொழுதுதான் நிற்கும். அதற்குள் கரை இறங்கி, பழைய மாயா நகரங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எதைப் பார்ப்பது? கடல் ஓரத்தில் இருக்கும் துலுமா? உஷ்மாலா? சிச்சென் இட்சாவா?

இந்தப் பெயர்களை உலகம் முழுவதும் பரப்பியவர் ஸ்டீபன்ஸ்தான். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி அவருக்கும் வந்தது. அவருக்கு அது உயிரைப் பணயம் வைக்கும் கேள்வியாக இருந்தது.

தொண்டை வலி செய்த உதவி

ஸ்டீபன்ஸ் 1805-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஒரு வியாபாரி. குடும்பம் நியூயார்க் நகரில் குடியேறியது.

ஸ்டீபன்ஸ் படிப்பில் கெட்டிக்காரர். 17 வயதுக்குள் கல்லூரிப் படிப்பை முடித்தார். பிறகு சட்டம் படித்து வக்கீல் ஆனார். அரசியல் கூட்டங்களிலும் பேசினார்.

பேசிப் பேசித் தொண்டை கெட்டது. வெளிநாடு போய் ஓய்வு எடுக்கும்படி டாக்டர் சொன்னார். 1834-ல் ஸ்டீபன்ஸ் கப்பல் ஏறினார்.

போனவர் ஓய்வு எடுக்கவில்லை! கிரீஸ், துருக்கி, ருஷ்யா, போலந்து எல்லாம் சுற்றினார். எகிப்துக்குப் போய் நைல் நதியில் பிரயாணம் செய்தார். கெய்ரோ வியாபாரி போல வேடம் போட்டு, பாலைவனத்தைக் கடந்து, பாறையைக் குடைந்து செய்த பெட்ரா நகரத்தைப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் இந்தப் பிரயாணங்களைப் புத்தகமாக எழுதினார். 1837-ல் ஒன்றும், 1838-ல் ஒன்றும் வெளிவந்தன. ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். வக்கீல், எழுத்தாளர் ஆகிவிட்டார்.

இதற்கு நடுவில், 1836-ல் லண்டனில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவர் பிரெடெரிக் காதர்வுட். கட்டிடக் கலைஞர், சிறந்த சித்திரக்காரர். எகிப்தின் கோவில்களையும், ஜெருசலேம் நகரத்தையும் நேரில் பார்த்துப் படம் வரைந்தவர்.

ஸ்டீபன்ஸ் எழுதுவார், காதர்வுட் வரைவார். இந்த ஜோடி பிறகு சேர்ந்தே பயணம் செய்தது.

மாயர்கள் யார்?

மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதி, குவாட்டிமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் ஆகிய இடங்களில் வாழ்ந்த மக்கள் மாயர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரிய பெரிய நகரங்களைக் கட்டினார்கள். அவர்களுக்குச் சொந்தமாக எழுத்து இருந்தது. பூஜ்யம் தெரியும். சூரியன், சந்திரன், வெள்ளி ஆகியவற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள்.

9-ம் நூற்றாண்டு வாக்கில் தெற்கே இருந்த பல நகரங்கள் காலியாயின. காடு வந்து மூடிக்கொண்டது.

இந்த இடிபாடுகளைப் பற்றிச் சிலர் எழுதியது உண்டு. வெளி உலகம் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடி மக்கள் நாகரிகம் இல்லாதவர்கள் என்றுதான் அந்தக் காலத்தில் பலர் எண்ணினார்கள்.

ஸ்டீபன்ஸ் அதை நேரில் பார்த்து முடிவு செய்ய விரும்பினார். ஜனாதிபதி வான் பியூரன் அவரை மத்திய அமெரிக்காவுக்குத் தூதராக நியமித்தார். 1839 அக்டோபர் 3-ந் தேதி, ஸ்டீபன்சும் காதர்வுட்டும் பாய்மரக் கப்பலில் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டார்கள்.

துப்பாக்கி முனையில்

பெலீஸில் இறங்கினார்கள். பிறகு உள்நாட்டில் கோவேறு கழுதை மீது பயணம். வழி எல்லாம் முழங்கால் அளவு சேறு.

அப்போது அங்கே உள்நாட்டுச் சண்டை. கமோத்தான் என்ற ஊரில் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி இருவரையும் பிடித்து வைத்தார்கள். ஸ்டீபன்ஸ் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். முத்திரை வைக்க வேண்டுமே? அமெரிக்க அரை டாலர் காசை எடுத்து, அரக்கில் அழுத்தினார். அதில் இருந்த கழுகுப் படம் பெரிய சர்க்கார் முத்திரை போலத் தெரிந்தது! அன்று இரவே விடுதலை கிடைத்தது.

பிறகு கோப்பான் என்ற கிராமத்தை அடைந்தார்கள். இது இப்போது ஹோண்டுராஸ் நாட்டில் இருக்கிறது.

ஆற்றுக்கு அக்கரையில் செதுக்கிய கல்லால் ஆன உயரமான மதில் தெரிந்தது. காட்டை வெட்டி உள்ளே போனார்கள். மரங்களுக்கு நடுவே, ஆளை விட இரண்டு மடங்கு உயரமான கல் தூண்கள் நின்றன. முன்பக்கம் ராஜாவின் உருவம். மற்ற பக்கங்களில் வரிசை வரிசையாக எழுத்து. எகிப்தைப் பார்த்தவர்களே திகைத்து நின்றார்கள்.

அந்த நிலத்தை வைத்திருந்தவர் இவர்களைச் சந்தேகப்பட்டார். ஸ்டீபன்ஸ் ஒரு தந்திரம் செய்தார். கழுகுப் பொத்தான் வைத்த தூதர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையில் மழையில் நனைந்த தொப்பி, காலில் சேறு படிந்த கால்சட்டை, நடுவில் பளபளக்கும் கோட்டு! நிலக்காரர் மயங்கிவிட்டார். 50 டாலருக்கு வியாபாரம் முடிந்தது. உதவாத கல்லுக்குப் பணம் கொடுக்கும் இந்த மனிதர் முட்டாள் என்றே அவர் நினைத்தாராம்.

சிலைகளை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் ஒரு மியூசியம் வைக்க வேண்டும் என்பது ஸ்டீபன்சின் ஆசை. அது நடக்கவில்லை. ஆனால் படங்கள் போய்ச் சேர்ந்தன. காதர்வுட் சேற்றில் நின்றுகொண்டு, கொசுவுக்குப் பயந்து கையுறை போட்டுக்கொண்டு வரைந்தார். முதல் நாள் படங்கள் சரியாக வரவில்லை. அதுவரை பார்த்த எந்தச் சிற்பமும் இது போல இல்லை. கண் பழகிய பிறகே கை பழகியது.

எந்த வழி?

ஸ்டீபன்ஸ் தூதர் வேலையையும் பார்க்கப் போனார். சண்டையில் அந்த சர்க்காரே சிதறிவிட்டது. தேடித் தேடிப் பார்த்தும் கடிதத்தைக் கொடுக்க ஆள் அகப்படவில்லை! பழைய நகரங்களைத் தேடி மறுபடி கிளம்பினார்.

1840-ல் கீச்சே மலைப்பகுதியில் ஒரு பாதிரியாரைச் சந்தித்தார். அவர் ஒரு அதிசயம் சொன்னார். இளம் வயதில் உயர்ந்த மலை உச்சியில் ஏறியபோது, காட்டுக்கு அப்பால் வெகு தூரத்தில், வெள்ளைக் கோபுரங்கள் வெயிலில் மின்னும் ஒரு பெரிய நகரத்தைப் பார்த்தாராம். அங்கே மாயர்கள் இன்னும் பழையபடி வாழ்கிறார்கள் என்று ஊரார் சொன்னார்கள்.

ஸ்டீபன்சின் மனம் துடித்தது. யாரும் காணாத நகரம்! ஆனால் மழைக்காலம் நெருங்கியது. சண்டை ஓயவில்லை. அந்த நகரத்தைத் தேடிப் போனால் பலெங்கே நகரத்தை மறந்துவிட வேண்டும். பலெங்கே இருப்பது நிச்சயம். மலை உச்சியில் கேட்ட நகரம் வெறும் சொல்.

ஸ்டீபன்ஸ் பலெங்கேயைத் தேர்ந்தெடுத்தார்.

மக்கள் வாழும் அந்த நகரம் பிறகு யாருக்கும் அகப்படவில்லை. ஆனால் 1848-ல், வடக்கு குவாட்டிமாலாவின் பெட்டேன் காட்டில் டிக்கால் என்ற மாபெரும் மாயா நகரத்துக்கு அந்த நாட்டு அதிகாரிகள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 200 அடிக்கு மேல் உயர்ந்த கோவில் நிற்கிறது. அதை ஸ்டீபன்ஸ் கடைசி வரை பார்க்கவே இல்லை.

அதனால் அவருடைய முடிவு தவறாகிவிடுமா? இல்லை. பலெங்கேயில்தான் அவருக்குப் பெரிய உண்மை கிடைத்தது.

கல் சொன்ன உண்மை

பலெங்கேயில் பழைய அரண்மனைக்குள்ளேயே தங்கினார்கள். மழை கொட்டியது. கொசுக்கடியில் தூக்கம் இல்லை. ஒளி வீசும் வண்டுகளின் வெளிச்சத்தில் பத்திரிகை படித்தார்கள்! ஸ்டீபன்சின் பாதத்தில் பூச்சிகள் முட்டையிட்டு, கால் வீங்கியது.

இந்த நகரத்தையும் வாங்கப் பார்த்தார். அந்நியர் நிலம் வாங்க வேண்டுமானால் மெக்சிகோ நாட்டுப் பெண்ணை மணந்திருக்க வேண்டும் என்றது சட்டம். ஸ்டீபன்ஸ் கல்யாணம் ஆகாதவர். கடைசி வரை பிரமசாரியாகவே இருந்தார். பலெங்கே கை நழுவியது.

ஆனால் அங்கே இருந்த எழுத்துகளைப் பார்த்தார். கோப்பானில் கண்ட அதே எழுத்துகள்! இரண்டுக்கும் நடுவே எத்தனையோ மலைகள், காடுகள். அப்படியானால் இந்தப் பகுதி முழுவதும் ஒரே எழுத்தை எழுதிய ஒரே மக்கள் வாழ்ந்திருக்க வேண்டும்.

பிறகு உஷ்மால் போனார்கள். அங்கே காதர்வுட்டைக் காய்ச்சல் படுக்கவைத்தது. 1840 ஜூலையில் நியூயார்க் திரும்பினார்கள். 1841-ல் புத்தகம் வெளிவந்தது. காதர்வுட்டின் படங்களோடு அது அமோகமாக விற்பனை ஆனது.

இந்த நகரங்களைக் கட்டியவர்கள் யார்? எகிப்தியர்கள் என்றார்கள் சிலர். கடல் கடந்து வந்த வேறு இனத்தார் என்றார்கள் சிலர். ஸ்டீபன்ஸ் எகிப்தை நேரில் பார்த்தவர். இது எகிப்து அல்ல என்று அவருக்குத் தெரியும். அங்கேயே வாழும் மக்களின் முன்னோர்களே இவற்றைக் கட்டினார்கள் என்று அடித்துச் சொன்னார். சிலைகள் ராஜாக்களின் உருவங்கள், எழுத்துகள் அவர்களுடைய சரித்திரம், ஒருநாள் அவற்றை யாராவது படிப்பார்கள் என்றும் நம்பினார்.

தோணியில் துலும்

1841-ல் மறுபடியும் புறப்பட்டார்கள். இந்தத் தடவை கேபட் என்ற இளம் டாக்டரும் உடன் வந்தார். அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த புகைப்படக் கருவியையும் எடுத்துப் போனார்கள்.

யூகடான் பகுதியில் 44 இடங்களில் இடிந்த நகரங்களைப் பார்த்தார்கள். கபா, சாயில், லப்னா, சிச்சென் இட்சா எல்லாம் இதில் சேரும். மூவரையும் மாறி மாறிக் காய்ச்சல் பிடித்தது. 1842-ல் ஒரு தோணியில் ஏறிக் கரை ஓரமாகவே போய், கோசுமெல் தீவையும் துலும் நகரத்தையும் பார்த்தார்கள். இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்பது அதே கோசுமெல்தான்.

நல்ல சமயத்தில் போனார்கள். 1847-ல் யூகடானில் மாயர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். பெரிய யுத்தம் மூண்டது. அதன் பிறகு வெகு காலம் துலும் பக்கம் அந்நியர் போக முடியவில்லை.

ஒரு காரியத்தில் மட்டும் ஸ்டீபன்ஸ் தவறினார். உஷ்மால், கபா நகரங்களில் வாசலுக்கு மேலே சப்போட்டா மரத்தால் ஆன உத்தரங்கள் இருந்தன. பல நூறு ஆண்டு மழையையும் கரையானையும் தாங்கிய மரம். மாயர்களின் செதுக்கு வேலை அதில் இருந்தது. அவற்றைப் பெயர்த்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். 1842 ஜூலை 31-ந் தேதி இரவு, அவற்றை வைத்திருந்த காட்சி மண்டபம் தீப்பிடித்தது. ஒரே இரவில் எல்லாம் சாம்பல்! அந்தச் சாம்பலை ஸ்டீபன்ஸ் தம் கண்ணால் பார்த்தார். காட்டில் விட்டு வந்த சிலைகள் பல இன்றும் நிற்கின்றன.

கடைசிக் காலம்

1843-ல் இரண்டாவது பயணத்தின் புத்தகம் வந்தது. பிறகு ஸ்டீபன்ஸ் நீராவிக் கப்பல் கம்பெனி ஒன்றில் டைரக்டர் ஆனார். அதன் பிறகு பனாமாவில் இரு கடல்களை இணைக்கும் ரயில் பாதை போடும் கம்பெனிக்குத் தலைவர் ஆனார். அந்த வேலையாகப் போனபோது கோவேறு கழுதையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. காய்ச்சலும் விடவில்லை. 1852 அக்டோபரில் நியூயார்க்கில் காலமானார். வயது 46. அவர் தொடங்கிய ரயில் பாதை 1855-ல் முடிந்தது. காதர்வுட் 1854-ல் கப்பல் விபத்தில் கடலில் மூழ்கி இறந்தார்.

ஸ்டீபன்ஸ் இறந்து சரியாக 100 ஆண்டுகள் சென்றன. 1952-ல், பலெங்கேயில் அவர் தங்கிய அரண்மனைக்குப் பக்கத்துக் கோவிலின் அடியில், பக்கால் என்ற மாயா ராஜாவின் கல்லறை திறக்கப்பட்டது. அதே ஆண்டில், மாயா எழுத்தைப் படிக்கும் வழியை ருஷ்ய அறிஞர் கனோரோசவ் வெளியிட்டார். பின் வந்தவர்கள் அந்த எழுத்துகளைப் படித்தார்கள். ராஜாக்களின் பெயர்கள், பட்டாபிஷேகம், யுத்தம் எல்லாம் அதில் இருந்தன. ஸ்டீபன்ஸ் சொன்னது பலித்தது.

மாயர்கள் அழிந்துவிடவில்லை. பல லட்சம் பேர் இன்றும் மாயா மொழிகளைப் பேசி வாழ்கிறார்கள். கப்பலில் போகிறவர்கள் துலுமைத் தேர்ந்தெடுக்கலாம், உஷ்மாலைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எந்த நகரத்துக்குப் போனாலும், அங்கே வழி காட்டுகிறவரும், வாசலில் பழம் விற்கிறவரும், அந்த நகரத்தைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம்.