கால் இறுதியில் ஒரு கௌஸ் முகம்மது

மலரில் ஹாஸ்டல் கதைகளும் வாத்தியார் கதைகளும் நிறையவே இருக்கும். நான் கொஞ்சம் விளையாட்டுப் பக்கம் போகிறேன்.

டென்னிஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ராமநாதன் கிருஷ்ணன். அப்புறம் அமிர்தராஜ் சகோதரர்கள், ரமேஷ் கிருஷ்ணன். இவர்களுக்கெல்லாம் முன்னாடி விம்பிள்டன் ஒற்றையர் கால் இறுதிக்குப் போன முதல் இந்தியர் யார் என்று கேட்டால், மாணவர்கள் மட்டுமில்லை, நம்ம பழைய செட் ஆட்களே விழிப்பார்கள். அவர்தான் கௌஸ் முகம்மது.

1915-ல் லக்னோ பக்கத்தில் மலிஹாபாத்தில் பிறந்தவர். தசேரி மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். அப்போதெல்லாம் டென்னிஸ் என்றால் வெள்ளைக்கார துரைகளும் வசதியுள்ளவர்களும் கிளப்பில் ஆடுகிற ஆட்டம். மட்டை முழுக்க மரம். நரம்பு, ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தது. பிடியில் சுற்றியிருப்பது தோல். (ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு இதை விளக்கணுமா என்ன!) ஈரம் பட்டால் நரம்பு கெட்டுப்போகும். சும்மா வைத்தால் மட்டை கோணிக்கொள்ளும். சட்டத்தில் இறுக்கி வைக்கணும்.

1939 விம்பிள்டன். கௌஸுக்கு 23 வயசு. ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, கடைசி எட்டுப் பேரில் ஒருவராக நின்றார். எதிரே அமெரிக்காவின் பாபி ரிக்ஸ். 6-2, 6-2, 6-2 என்று தோல்வி. ஸ்கோரைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்த வருஷம் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்று பட்டத்தையும் வாரிக்கொண்டு போனவர் ரிக்ஸ். மூன்றிலும் ஜெயிப்பேன் என்று தன் மேலேயே பந்தயம் கட்டிப் பணமும் பார்த்தாராம்!

அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று சொல்லவும் வழியில்லை. செப்டம்பரில் போர் மூண்டது. 1940 முதல் 1945 வரை விம்பிள்டனே கிடையாது. 1940 அக்டோபரில் சென்டர் கோர்ட் மேலேயே குண்டு விழுந்தது. அந்த வளாகத்தில் பன்றி வளர்த்தார்கள். 1946-ல் மறுபடி ஆட்டம் தொடங்கியபோது கௌஸுக்கு 30. ஓர் ஆட்டக்காரனுக்கு 23-லிருந்து 30 வரைக்கும் எப்பேர்ப்பட்ட காலம் என்பது மைதானத்தில் ஓடினவர்களுக்குத் தெரியும். ரிக்ஸுக்கும் அதே நஷ்டம்தான். ஆனா அவர் கையில் கோப்பை இருந்தது.

இன்னொரு இந்தியர் அந்தக் கால் இறுதியைத் தொட 21 வருஷம் ஆச்சு. 1960-ல் நம்ம கிருஷ்ணன் அதையும் தாண்டி அரை இறுதி வரை போனார், 1961-லும் போனார்.

கௌஸ் முகம்மதுவுக்கு 1971-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். அவர் காலமானது 1982-ல்.