வெல்டிங் மானிட்டர் வோல்டேஜை தப்பா காட்டுதா? கைகொடுக்கும் பூட்டுக்காரர் மகன்... யார் இந்த ஓம்?

ராணிப்பேட்டை என்றாலே தோல் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்குள்ள பெல் ஆலையில் அனல்மின் நிலையங்களுக்கான ராட்சத ஃபேன்களும், புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவிகளும் தயாராகின்றன. இப்படிப்பட்ட வேலைகளுக்கு வெல்டிங்தான் உயிர்.

வெல்டிங்கில் வோல்டேஜ் குறைந்தால் இரும்பு சரியாக உருகிச் சேராது. அதனால்தான் வோல்டேஜைக் கண்காணிக்க சென்சார் வைக்கிறார்கள். அந்த சென்சாரே தப்பா காட்டினால்? அப்போது கைகொடுப்பது, 200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்த விதி.

யார் இந்த ஓம்?

ஜார்ஜ் சைமன் ஓம், 1789 மார்ச் 16-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. தானாகவே கணக்கு கற்று, மகன்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். கல்லூரியில் நடனம், பில்லியர்ட்ஸ் என மகன் சுற்றியதைப் பார்த்துக் கடுப்பாகி, படிப்பையே நிறுத்திவிட்டார். ஓம் சுவிட்சர்லாந்து போய் ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு ஊர் திரும்பி, 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

முதல் சோதனை ஏன் சொதப்பியது?

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் சேர்ந்த ஓம், அங்கிருந்த ஆய்வகத்தில் கம்பியின் நீளம் மாறினால் மின்சாரம் எப்படி மாறுகிறது எனப் பார்த்தார். 1825-ல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறு. காரணம், அன்றைய பேட்டரியின் வோல்டேஜ் ஒரே நிலையில் நிற்கவில்லை.

உடனே பேட்டரியைத் தூக்கிப் போட்டார். பிஸ்மத், தாமிரம் இரண்டையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையை ஐஸிலும் வைத்தார். வோல்டேஜ் நிலையாக நின்றது, விதியும் கிடைத்தது. 1827-ல் புத்தகமாக வந்தபோது பெரிதாக யாரும் மதிக்கவில்லை. மனம் நொந்து வேலையை விட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் தந்தது. 1852-ல்தான் முனிச்சில் பேராசிரியர் பதவி. இரண்டே ஆண்டில், 1854-ல் காலமானார்.

ஒர்க் ஷாப்பில் எப்படி உதவும்?

கரன்ட் 300 ஆம்பியர். கேபிளும் எர்த் கிளாம்பும் சேர்ந்து 0.01 ஓம் தடை. இரண்டையும் பெருக்கினால் 3 வோல்ட். அதாவது மெஷின் முனையில் 27 வோல்ட் இருந்தால், ஆர்க்குக்குக் கிடைப்பது 24 தான். அதனால் சென்சாரைக் கழற்றும் முன்பு இதையெல்லாம் பாருங்க:

* சென்சார் ஒயர் எங்கே இணைக்கப்பட்டுள்ளது? மெஷின் முனையிலா, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலா?
* மெஷினை ஆஃப் செய்துவிட்டு எர்த் கிளாம்பில் துரு, பெயின்ட், லூஸ் கனெக்‌ஷன் இருக்கா எனப் பாருங்க.
* சென்சார் இணைந்துள்ள அதே இரு புள்ளிகளில், வெல்டிங் நடக்கும்போது மல்டிமீட்டர் வைத்து ஒப்பிடுங்க. ஹை ஃப்ரீக்வன்சி ஸ்டார்ட் உள்ள டிக் மெஷினில் இதைச் செய்யக் கூடாது, மீட்டர் பாழாகிவிடும்.

இரண்டு அளவும் ஒத்துப்போனால் சென்சார் நல்லாத்தான் இருக்கு, கோளாறு கேபிளில். ஒத்துப்போகாவிட்டால் மட்டும் சென்சாரையும் அதற்கு வரும் பவர் சப்ளையையும் சந்தேகப்படலாம்.