நம்ம புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



எங்க குழுவில் மாதக் கூட்டம் நடக்கும்போது சேமிப்பு, உள்கடன் எல்லாம் தீர்மான நோட்டில் எழுதி முடிச்சதும் அரை மணி நேரம் நம்ம பகுதியில் பேர் வாங்கின ஒரு பெண்மணியைப் பத்திப் பேசுவோம். படிச்சவங்க படிச்சதைச் சொல்லுவாங்க. பெரியவங்க கேட்டதைச் சொல்லுவாங்க. இந்த மலருக்கு அதில் ஒருத்தரைப் பத்தி எழுதணும்னு ஊக்குநர் என்கிட்ட சொன்னாங்க. நான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவை எடுத்துக்கிட்டேன். காரணம், அந்தப் பேரை உச்சரிக்காத வீடு நம்ம ஊர்ல கிடையாது. மாசமா இருக்கும்போது நர்ஸம்மாகிட்ட பதிஞ்சு, பிக்மி நம்பர் வாங்கி, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்து, 18,000 ரூபாய் திட்டத்துக்கு விண்ணப்பம் போடுறோமே, அது முத்துலட்சுமி ரெட்டி பேர்ல உள்ள மகப்பேறு உதவித் திட்டம்தான். பணம் எந்தத் தவணை ஏறுச்சு, எது ஏறலைன்னு எல்லாருக்கும் கணக்குத் தெரியும். ஆனா அந்த அம்மா யாருன்னு கேட்டா, பாதிப் பேர் முழிக்கிறாங்க. ரெட்டின்னு இருக்கிறதால ஆந்திராக்காரம்மான்னு சொன்னவங்க எங்க குழுவிலேயே உண்டு. அது வீட்டுக்காரர் வழி வந்த பேரு. அந்த அம்மா பிறந்தது நம்ம புதுக்கோட்டையில், 1886-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி.

அப்போ புதுக்கோட்டை தனி சமஸ்தானம், தொண்டைமான் மன்னர் ஆட்சி. அப்பா நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவங்க. இந்தக் கல்யாணத்தால் அப்பாவோட சொந்தக்காரங்க அவரை ஒதுக்கி வச்சுட்டாங்க. அப்பா எவ்வளவு பெரிய படிப்பாளியா இருந்தாலும், பிள்ளைகளைப் பார்க்கிறவங்க அம்மாவோட குலத்தைத்தான் முதல்ல பேசுவாங்க. இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஊர்ல இன்னைக்கும் ஒரு பொண்ணைப் பத்தி விசாரிச்சா முதல் கேள்வி எதுன்னு நமக்கே தெரியும்.

சின்ன வயசில் பள்ளிக்கூடம் போனாங்க. வயசுக்கு வந்ததும் அந்தக் கால வழக்கப்படி வீட்டோட நிறுத்தம். அப்பா விடலை, வீட்டிலேயே பாடம் நடக்க ஏற்பாடு செய்தார். அம்மாவுக்கு மகளைச் சீக்கிரம் கட்டிக் கொடுத்துடணும்னு கவலை. அப்பா பக்கம் ஜெயிச்சுது. 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறிட்டாங்க. அதுக்கு மேல படிக்கணும்னா மன்னர் கல்லூரிதான், அங்கே பையன்கள் மட்டும்தான். ஒரு பெண்ணைச் சேர்த்தா பையன்கள் கெட்டுப் போவாங்கன்னு பெற்றவங்க கூச்சல் போட்டாங்களாம். யார் யாரைக் கெடுப்பாங்கன்னு பயந்தாங்களோ! அம்மா வழிக் குலத்தையும் சேர்த்துத்தான் எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் இதையெல்லாம் தள்ளிவிட்டு, சேர்த்துக்கச் சொல்லி உத்தரவு போட்டார். 1904-ல் அந்தக் கல்லூரியில் உட்கார்ந்த முதல் பெண் இவங்கதான். மூடின குதிரை வண்டியில் போகணும், வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்காரணும். அப்படியே படிச்சு முடிச்சாங்க.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தாங்க. அறுவை சிகிச்சைப் பாடத்தில் பதக்கம். எழும்பூர் அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டரா வேலை பார்த்தாங்க. பிரசவத்தில் தாய் போறதும் பிள்ளை போறதும் சாதாரணமா இருந்த காலம். பதிமூணு, பதினாலு வயசுப் பிள்ளைகள் பிரசவத்துக்கு வந்து படுத்தா எப்படி இருக்கும்? பின்னாடி குழந்தைக் கல்யாணத்தை எதிர்த்து அந்த அம்மா பேசினதுக்கு வேர் இந்தப் பிரசவ வார்டுன்னுதான் எனக்குத் தோணுது.

கல்யாணம் வேண்டாம்னு இருந்தவங்களை டாக்டர் சுந்தர ரெட்டி பெண் கேட்டார். அவரும் டாக்டர். முத்துலட்சுமி அம்மா நிபந்தனை போட்டாங்க. என்னைச் சமமா நடத்தணும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாதுன்னு. அவர் ஒப்புக்கிட்டார். 1914-ல் பதிவுச் சட்டப்படி கல்யாணம். அப்போ அந்த அம்மாவுக்கு 27 வயசு. எங்க கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு சின்னக்கா, நூறு வருஷத்துக்கு முன்னாடி இப்படியும் கேட்டிருக்காங்களான்னு சிரிச்சாங்க. அவர் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார்னுதான் சொல்லணும். ரெண்டு பையன்கள் பிறந்த பிறகு, 1925-ல் பெண்கள், குழந்தைகள் நோயைப் பத்தி மேல்படிப்புக்கு அந்த அம்மா இங்கிலாந்து போனாங்க.

அங்கிருந்து திரும்பி வந்ததும் வாழ்க்கை வேற பக்கம் திரும்பிச்சு. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921-ல் கிடைச்சிருந்தது. சபையில் உட்காரும் உரிமை 1926-ல்தான் வந்தது. மாதர் சங்கத்தார் முயற்சியில் முத்துலட்சுமி அம்மாவைச் சட்டசபைக்கு நியமிச்சாங்க. 1927-ல் சபையே ஒருமனதாக அவங்களைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்பத்திரி வேலை போயிடுமேன்னு அந்த அம்மா முதல்ல தயங்கினாங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இது நிலச் சம்பந்தம், நமக்கு நல்லாப் புரியும்.

பொட்டுக் கட்டுறதுன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. சின்னப் பெண் பிள்ளையைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டு, சாமிதான் புருஷன்னு சொல்லிப் பொட்டுக் கட்டிடுவாங்க. அப்புறம் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் கிடையாது. ஆடலும் பாடலும் தெரிஞ்ச கலைக்காரிகளாகப் பேர் பெற்றவங்க அதில் இருந்தாங்க. ஆனா நிறையப் பேருக்கு அது பணக்காரங்க கையில் மாட்டின வாழ்க்கையா ஆயிடுச்சு. சரி, பெற்ற தாயே ஏன் மகளுக்குப் பொட்டுக் கட்டினாங்க? கோயில் ஊழியத்துக்குன்னு மானிய நிலம் கொடுத்திருந்தாங்க. வீட்டில் ஒரு பொண்ணு ஊழியம் செய்தால்தான் நிலம் தங்கும். யாரும் இல்லைன்னா நிலம் போயிடும், சோறு போயிடும். அதனால ஒரு பிள்ளையையாவது விட்டுத்தான் ஆகணும். பிள்ளையைக் கொடு, நிலத்தை வச்சுக்கோன்னு வச்ச மாதிரி.

முத்துலட்சுமி அம்மா சபையில் முதல்ல இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தாங்க. அவங்க கொண்டு வந்த திருத்தம் 1929-ல் சட்டமாச்சு. ஊழியம் செய்ய வேண்டியதில்லை, மானிய நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம். பாவம் புண்ணியம்னு மட்டும் பேசிட்டுப் போயிருந்தா என்ன நடந்திருக்கும்? பட்டா யார் பேர்ல இருக்குதுங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு கடனுக்குப் போய் நின்ன நம்ம எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்குப் படிச்ச அம்மாவுக்கு நிலக் கணக்கும் தெரிஞ்சிருக்கு.

அடுத்து, பொட்டுக் கட்டுறதையே தடை செய்ய 1930-ல் மசோதா கொண்டு வந்தாங்க. எதிர்ப்பு எல்லாப் பக்கமும் இருந்தது. கோயில் வழக்கத்தில் கை வைக்கலாமான்னு கேட்டவங்க உண்டு, கலை அழிஞ்சிடும்னு சொன்னவங்க உண்டு. தேவதாசிப் பெண்களிலேயே சிலர் சேர்ந்து அரசாங்கத்துக்கு எதிர்ப்பு மனு கொடுத்தாங்க. அவங்களை நான் தப்பாச் சொல்ல மாட்டேன். சொத்து, பாட்டு, நாட்டியம், பேர் எல்லாம் அவங்களுக்கு அதில்தான் இருந்தது, போயிட்டா யார் சோறு போடுவாங்க? ஆனா அதே மரபில் பிறந்து, அந்த வழக்கமே வேண்டாம்னு ஊர் ஊராகப் பேசினவங்களும் இருந்தாங்க. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அப்படிப்பட்டவங்க. தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தில் கேட்ட பேரு, ஞாபகம் இருக்கும். முத்துலட்சுமி அம்மாவுக்கு இது ஊரார் கதை இல்லை. பெற்ற தாயோட கதை. எதிர்க்கிறவங்க அதைக் குத்திக் காட்டுவாங்கன்னு தெரிஞ்சும் சபை நடுவில் நின்னாங்க.

மசோதா சட்டமாகும் முன்னாடியே, 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியைக் கைது பண்ணினதும் பதவியை விட்டுட்டாங்க. அவ்வளவு பாடுபட்டு வந்த பதவியை இப்படி விடலாமான்னு எங்க குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. இருந்திருந்தா மசோதா சீக்கிரம் வந்திருக்கும்னு பாதிப் பேர். கொள்கைன்னா விடத்தான் வேணும்னு பாதிப் பேர். நான் முதல் பக்கம். ஏன்னா அந்தச் சட்டம் வர்றதுக்கு 1947 ஆயிடுச்சு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோதுதான் நிறைவேறுச்சு. நடுவில் போன 17 வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பாங்களோ.

ஆனா அந்த அம்மா பதவி போச்சுன்னு சும்மா உட்காரலை. அந்த வாழ்க்கை வேண்டாம்னு தப்பி வந்த பெண் பிள்ளைகள் அவங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. விடுதிகளில் சேர்க்கப் பார்த்தா, இந்தப் பிள்ளைகளா, இடமில்லைன்னுட்டாங்க. தன் வீட்டிலேயே வச்சுக்கிட்டாங்க. அப்படித் தொடங்கினதுதான் ஔவை இல்லம். ஆதரவு இல்லாத பெண் பிள்ளைகளுக்கு இடம், சாப்பாடு, படிப்பு, கைத்தொழில். குலம் கேட்கிறதில்லை. சென்னை அடையாறு பக்கம் அந்த இல்லம் பள்ளிக்கூடத்தோட இன்னும் நடக்குது.

கடைசியாச் சொல்ல வேண்டியது புற்றுநோய் ஆஸ்பத்திரி. முத்துலட்சுமி அம்மாவோட தங்கச்சி புற்றுநோயில் இறந்துட்டாங்க. அக்கா டாக்டரா இருந்தும், பக்கத்திலேயே இருந்து பார்த்தும் காப்பாத்த முடியலை. அப்போதே மனசில் விழுந்த எண்ணம் இது. 1935-ல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேணும்னு கேட்டாங்க. புற்றுநோய்னா சாவுதான், அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரிங்கிற நினைப்பு அப்போ எல்லாருக்கும். அரசாங்கத்தை மட்டும் நம்பி இருக்காம, இந்திய மாதர் சங்கத்து மூலமா நிதி திரட்டினாங்க. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கையோட அடையாறில் ஆஸ்பத்திரி திறந்தாச்சு. அப்போ அந்த அம்மாவுக்கு 67 வயசு முடிஞ்சு 68 நடக்குது. சின்ன மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே வாழ்க்கை முழுக்க உழைச்சார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தாங்க. அவங்க 2021-ல் இறக்கிற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரிதான் அவங்க வீடு.

இதில் நமக்குன்னு ஒரு சேதி இருக்கு. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பேர்ப் பலகையைப் பார்த்தீங்கன்னா டபிள்யூ.ஐ.ஏ.ன்னு மூணு எழுத்து இருக்கும். அது மாதர் சங்கத்தோட பேரு. பெண்கள் சங்கம் சேர்ந்து பணம் திரட்டி ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிங்கிறதுக்கு அடையாளம். எங்க குழுவில் ஒரு அக்கா மார்பில் கட்டின்னு அங்கேதான் போய் வைத்தியம் பார்த்து, இப்போ நல்லா இருக்காங்க. ஊரெல்லாம் அது வந்தா அவ்வளவுதான்னு பேசினப்போ, அவங்க ஆறு மாசம் பஸ்ஸில் போய் வந்தாங்க. அந்தப் பலகையைத் தினம் பார்த்தேன், அர்த்தம் இப்பத்தான் தெரியுதுன்னு சொன்னாங்க.

1956-ல் அரசாங்கம் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1968 ஜூலை 22-ல் காலமானாங்க. இன்னும் 8 நாள் இருந்திருந்தா 82 வயசு முடிஞ்சிருக்கும். அவங்க பிறந்த நாளைத்தான் இப்போ அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுறாங்க.

அந்த அக்கா பேசின கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டோம். முப்பது வயசு தாண்டின உறுப்பினர் எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணிக்கணும்னு. காசு கிடையாது, கொஞ்ச நேரம்தான் ஆகும். இதுவரைக்கும் 7 பேர் போய் வந்துட்டோம். மீதி 5 பேர் நடவு முடியட்டும்னு சொல்லியிருக்காங்க. தேதியை நோட்டில் எழுதி வச்சிருக்கு.