கர்னல் பென்னிகுவிக்கும் நன்றிப் பொங்கலும்

யூதர்கள் அறுவடை முடிந்தபின் ஏழு நாட்கள் தழை வேய்ந்த குடில்களில் தங்கிக் கூடாரப் பண்டிகையை ஆசரிக்கின்றனர். எகிப்தினின்று மீண்ட தம் முன்னோர் வனாந்தரத்திற் குடிலமைத்து வாழ்ந்ததைச் சந்ததியார் மறவாதிருக்கும் பொருட்டே இவ்வழக்கம் ஏற்பட்டது. எருசலேம் தேவாலயம் நிலைபெற்றிருந்த நாளில், ஆசாரியர் சீலோவாம் குளத்து நீரைப் பொற்பாத்திரத்தில் முகந்து வந்து பலிபீடத்தில் வார்ப்பர். அங்ஙனமே தண்ணீரின் பொருட்டு எழுந்த நன்றி விழாவொன்று நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் உண்டு. அவ்விழாவிற்குரிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1841 ஜனவரி 15-ல் புனாவிற் பிறந்தார். எட்டாண்டு நிறைவதற்கு இரண்டு நாள் முன்னர், சில்லியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தார். இங்கிலாந்திற் கல்வி பயின்று, 1860-ல் சென்னை எஞ்சினீயர் படையினராக இந்தியா திரும்பினார்.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிற்று. மலைக்கு அப்பால் பெரியாறோ பெருக்கெடுத்து மேல்கடலிற் சென்று வீழ்ந்துகொண்டிருந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் முன்னமே பலர்க்கும் இருந்ததெனினும், அதனை முடித்துக் காட்டியவர் பென்னிகுவிக்கே. 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. மறுவருஷம் வேலை தொடங்கிற்று. வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. விஷக் காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளரை நூற்றுக்கணக்கில் மாய்த்தன. அவர் சலித்தாரல்லர். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சாந்தினால் 155 அடி உயர அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கமும் அமைந்தது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். நம் வயல்கள் இருபோகம் விளையலாயின. கர்னலோ தாய்நாடு சென்று, 1911 மார்ச்சு 9-ல் காலமானார்.

அவர் பிறந்தநாள் தைத்திருநாளை ஒட்டி வருகின்றது. அந்நாளிற் பாலார்பட்டி முதலிய ஊரார் அவர் படத்திற்கு மாலை சூட்டிப் பொங்கலிடுகின்றனர். குழந்தைகட்கு அவர் பெயரை இடுவோரும் உளர். லோயர் கேம்பில் 2013-ல் மணிமண்டபமும் திறக்கப்பெற்றது.

பாலைவனத்தை மறவாதிருக்கவே யூதர் வீட்டை விட்டுக் குடில் புகுகின்றனர். நாமும் பொங்கற்பானையின் முன் நிற்கையில் பஞ்சத்தையும், கர்னலோடு உழைத்துக் காட்டில் மடிந்த பெயரறியாக் கூலியாட்களையும் நினைத்தல் வேண்டும். அவர்களை மறந்து செய்யும் விழா பாதி நன்றியே. நீரைச் சிக்கனமாய்ப் பயன்படுத்தி ஆற்றைத் தூய்மையாய்க் காத்தலே அந்நன்றியை நிறைவாக்குவதாம்.