போரின் நிறத்தைக் காட்டிய கோடீசுவரர் ஆல்பர்ட் கான்

முதல் உலகப்போர் என்றதும் நம் கண்முன் வருவது கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். சாம்பல் நிற வானம், சாம்பல் நிறச் சேறு, அதில் சாம்பல் நிற மனிதர்கள். அந்தப் போர் ஏதோ வேறொரு உலகத்தில் நடந்தது போலத் தோன்றும்.

ஆனால் அன்றும் வானம் நீலமாகத்தான் இருந்தது. புல் பச்சையாகத்தான் இருந்தது. 1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரெஞ்சுக் காலாட்படையினர் சிவப்புக் கால்சட்டை அணிந்து போர்க்களம் போனார்கள். வயல்வெளியில் அந்தச் சிவப்பு எதிரியின் துப்பாக்கிக்கு நல்ல குறியாக அமைந்தது. 1915-ல்தான் அதை மாற்றி வெளிர் நீல உடை கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் இது தெரியவே தெரியாது.

அந்தப் போரின் உண்மையான நிறங்களை நாம் பார்க்கக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் கான். அவர் பாரிஸ் நகரில் சாதாரண வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர்.

ஊரை விட்டு வந்தவர்

கான் 1860-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி பிரான்சின் அல்சேஸ் பகுதியில், மார்மூட்டியே என்ற சிற்றூரில் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை மாட்டு வியாபாரி. நான்கு குழந்தைகளில் மூத்தவர் இவர். பத்து வயதில் தாயை இழந்தார்.

அதே சமயத்தில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. பிரான்ஸ் தோற்றது. 1871-ல் அல்சேஸ் ஜெர்மனியின் வசமாயிற்று. பிறந்த ஊரே அந்நிய நாடாகிவிட்டது. போர் என்றால் என்ன என்று சிறு வயதிலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

16 வயதில் பிழைப்புத் தேடிப் பாரிஸ் வந்தார். 1879-ல் குட்ஷோ என்பவர்களின் வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பகலில் கணக்கு எழுதினார், இரவில் படித்தார். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், ஏறக்குறைய அவர் வயதே ஆன ஹென்றி பெர்க்சன். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற தத்துவ ஞானியாகி, இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். இருவரின் நட்பும் கடைசி வரை நீடித்தது.

தென்னாப்பிரிக்காவின் தங்க, வைரச் சுரங்கப் பங்குகளில் பணம் போட்டுக் கான் பெரும் செல்வம் சேர்த்தார். வேலை பார்த்த வங்கியிலேயே கூட்டாளியானார். 1898-ல் சொந்த வங்கி தொடங்கினார்.

செல்வம் எதற்கு?

பணம் வந்தும் அவர் ஆடம்பரத்தில் இறங்கவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. மாமிசம் உண்ணவில்லை. இளம் ஆசிரியர்கள் உலகைச் சுற்றிவர உதவிப் பணம் கொடுத்தார். பாரிசை அடுத்த பூலோன் நகரில், ஜப்பானிய முறையிலும் ஆங்கில முறையிலும் பிரெஞ்சு முறையிலும் தோட்டங்கள் போட்டார். பல நாட்டு அறிஞர்கள் அங்கே வந்து தங்கினார்கள். நம் ரவீந்திரநாத் தாகூரும் அவர்களில் ஒருவர்.

மக்கள் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்து அறிந்துகொண்டால் சண்டை குறையும் என்று கான் நம்பினார். 1909-ல் உலக சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பியதும் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். சம்பளத்துக்குக் காமிராக்காரர்களை அமர்த்தி, உலகம் முழுவதையும் கலரில் படம் எடுத்து வரச் சொன்னார். ‘பூமியின் ஆவணக் காப்பகம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். 1912-ல் ஜீன் பிரூன் என்ற பூகோளப் பேராசிரியர் அதன் பொறுப்பை ஏற்றார். ஸ்டீபன் பாசே என்ற காமிராக்காரர் இந்தியாவுக்கும் வந்து பம்பாய், ஆக்ரா முதலிய இடங்களைப் படம் பிடித்தார்.

உருளைக்கிழங்கு மாவில் கலர் படம்

சினிமாவைக் கண்டுபிடித்த லூமியே சகோதரர்கள் 1907-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடித் தகடுகளையே கான் பயன்படுத்தினார். உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா என மூன்று சாயம் ஏற்றி, கலந்து, கண்ணாடியில் பரப்புவார்கள். இடைவெளியைக் கரித்தூளால் அடைப்பார்கள். அதன் மேல் போட்டோ மருந்து பூசுவார்கள். படம் எடுத்துக் கழுவிய பின், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இயற்கையான வண்ணங்கள் தெரியும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல வெயிலிலும் ஒரு வினாடியோ அதற்கு மேலோ காமிராவைத் திறந்து வைக்க வேண்டும். ஓடுகிறவனைப் படம் எடுக்க முடியாது.

போர் வந்தது

கான் எதைத் தடுக்க நினைத்தாரோ அதுவே 1914-ல் வந்துவிட்டது. அதையும் படம் எடுக்க வேண்டியதாயிற்று. 1917-ல் பிரெஞ்சு ராணுவத்தின் போட்டோப் பிரிவும் கானின் காப்பகமும் சேர்ந்து வேலை செய்தன. பெர்னாண்ட் குவீல், பால் காஸ்டெல்நோ என்ற இருவர் போர்முனைப் பகுதிகளில் கலர் படம் எடுத்தார்கள்.

பாய்ந்து செல்லும் படையை அந்தத் தகடுகள் பிடிக்கவில்லை. ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களையும், இடிந்த வீடுகளையும், கல்லறைகளையும் பிடித்தன. குண்டு வீச்சில் சிதைந்த ரீம்ஸ் நகரில் ஒரு சிறுமி பொம்மை வைத்து விளையாடுகிறாள். பக்கத்தில் சிப்பாய்களின் துப்பாக்கிகளும் தோள்மூட்டையும் இருக்கின்றன. குவீல் எடுத்த இந்தப் படத்தைப் பார்த்தால், அவள் நம் தெருவில் விளையாடும் குழந்தையாகவே தெரிகிறாள். கானின் சொந்தப் பகுதியான அல்சேசில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினச் சிப்பாய்கள் இளைப்பாறும் காட்சியைக் காஸ்டெல்நோ எடுத்தார். யாருடைய போரில் யார் வந்து நின்றார்கள் என்பது அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிகிறது.

ஆனால் கலர் படம் முழு உண்மையையும் சொல்லிவிடும் என்று எண்ணக் கூடாது. ராணுவம் அனுமதித்ததைத்தான் எடுக்க முடிந்தது. அமைதியான காட்சிகளும் அழகிய வண்ணங்களும் போரின் கொடுமையைக் குறைத்துக் காட்டவும் கூடும். இக்காலத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றுகிறார்கள். 2018-ல் பீட்டர் ஜாக்சன் இப்படிப் போர்க்காலப் பிலிம்களுக்கு நிறம் கொடுத்து ஒரு படமே வெளியிட்டார். அவை மனதை உருக்கலாம். ஆனால் அந்த நிறம் பிற்காலத்தவர் ஆராய்ந்து பூசியது. கானின் தகடுகளில் உள்ள நிறமோ, அன்றைய சூரிய வெளிச்சம் நேராகப் பதித்தது. இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

செல்வம் போயிற்று, படம் நின்றது

1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதைத் தொடர்ந்த பொருளாதார மந்தத்தில் கானின் வங்கி மூழ்கியது. 1931-ல் படம் எடுக்கும் வேலை நின்றது. கடன்காரர்கள் சொத்துகளைக் கைப்பற்றினார்கள். 1936-ல் சேன் மாவட்ட நிர்வாகம் தோட்டத்தை வாங்கியது. தன்னுடையதாக இருந்த வீட்டிலேயே தங்கியிருக்க அவருக்கு அனுமதி கிடைத்தது.

1940 ஜூனில் ஜெர்மன் படைகள் பாரிசில் நுழைந்தன. அக்டோபரில் யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தது. நவம்பர் மாதம், தமது 80-வது வயதில், கான் அந்த வீட்டிலேயே காலமானார். சிறுவனாக இருந்தபோது ஊரைப் பறித்த போர், முதுமையில் வாசலுக்கே வந்துவிட்டது.

அவர் விட்டுச் சென்றவை சுமார் 72 ஆயிரம் கலர் தகடுகளும், 1 லட்சத்து 83 ஆயிரம் மீட்டர் பிலிமும். 50 நாடுகளின் வாழ்க்கை அவற்றில் இருக்கிறது. பூலோனில் உள்ள அவரது மியூசியம் புதுப்பிக்கப்பட்டு 2022-ல் மீண்டும் திறக்கப்பட்டது.

உலகத்தார் முகங்களையெல்லாம் சேர்த்து வைத்த கானுக்குத் தம்மைப் படம் எடுப்பது பிடிக்காது. அவருடைய படங்கள் மிகச் சிலவே உள்ளன.